செவ்வாயின் நீரும் பூமியின் ஆரவாரமும்: பொதுமக்கள் எதிர்வினைகளின் வரலாறு (1877–2024)

முன்னுரை

செவ்வாயில் நீர் உண்டு என்ற செய்தி ஒரே ஒருமுறை வந்து நின்றுவிடவில்லை. 1860கள் தொடங்கி இன்றுவரை பலமுறை அறிவிக்கப்பட்டு, சிலமுறை மறுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் புதுச் செய்தியாக அச்சேறி வந்திருக்கிறது. இக்கண்டுபிடிப்புகளின் அறிவியல் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. பொதுமக்கள் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது தனியே ஆராயத்தக்கது. நாளிதழ், நாவல், வானொலி, தொலைக்காட்சி, இணையம் எனக் காலந்தோறும் மாறிய ஊடகங்களில் பதிவான எதிர்வினைகளை, அந்தந்தக் காலத்துச் சான்றுகளின் வலிமையோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒப்பிடும்போது ஒரு முரண் தெரிகிறது. சான்று மெலிந்திருந்த காலங்களில் ஆரவாரம் ஓங்கியிருந்தது. சான்று உறுதிப்பட்டபோது ஆரவாரம் தணிந்தது. மக்கள் காத்திருந்தது நீருக்காக மட்டும் அன்று, நீரைத் தொடர்ந்து வரக்கூடிய உயிருக்காகவும்தான் என்பதே இம்முரணுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கால்வாய்களின் காலம்

1877இல் இத்தாலிய வானியலர் ஜியோவன்னி ஸ்கியாபரெல்லி, மிலான் நகரின் பிரேரா வானாய்வகத்திலிருந்து செவ்வாயை ஆராய்ந்து, அதன் பரப்பில் மெல்லிய கோடுகள் பின்னிக் கிடப்பதாகக் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்கினார். அவை செயற்கையானவை என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அந்த எச்சரிக்கையை உதறியவர் பாஸ்டன் நகரத்துச் செல்வர் பெர்சிவல் லோவெல். 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் தம் சொந்தச் செலவில் வானாய்வகம் நிறுவிய அவர், 1895, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று நூல்களில் ஒரே கருத்தை வளர்த்தெடுத்தார். செவ்வாய் வறண்டுவரும் கோள். எஞ்சிய நீர் துருவப் பனியில் மட்டுமே உள்ளது. அது உருகி ஓடும்போது தாழ்நிலங்களுக்குக் கொண்டுசெல்ல அங்குள்ள அறிவுயிர்கள் கோள் முழுவதும் கால்வாய் வெட்டியுள்ளன. தொலைநோக்கியில் தெரியும் கோடுகள் அக்கால்வாய்களின் கரையில் தழைத்த பசுமை.

இக்கருத்து மக்களிடம் வேரூன்றியதற்குக் காலச்சூழல் துணை நின்றது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டிருந்தது. பனாமாவில் 1881இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கித் தோற்ற பணியை 1904இல் அமெரிக்கா கையில் எடுத்தது. அமெரிக்க மேற்குப் பகுதியின் வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தரும் சட்டம் 1902இல் நிறைவேறியது. கால்வாய் வெட்டுவதையே நாகரிகத்தின் உச்சமாக எண்ணிய தலைமுறைக்கு, செவ்வாய்வாசிகளும் அதையே செய்வதாகக் கேட்டது வியப்பாகப் பட்டதே தவிர, நம்ப முடியாததாகப் படவில்லை. சிறிய கோளான செவ்வாய் விரைவில் குளிர்ந்து முதிர்ந்துவிட்டது என்று அன்று நிலவிய கொள்கையும், அங்குள்ளவர்கள் நம்மைவிட அறிவில் மூத்தவர்கள் என்ற எண்ணத்தை வளர்த்தது.

எதிர்வினைகள் பல வடிவில் வெளிப்பட்டன. 1900இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட குஸ்மான் பரிசு, வேற்றுக்கோள் ஒன்றோடு தொடர்பு கொள்பவருக்கு 1,00,000 பிராங்கு தருவதாகக் கூறியது. செவ்வாயோடு தொடர்பு கொள்வது மிக எளிது என்று கருதி அக்கோளுக்கு மட்டும் விலக்களித்தது. வறண்ட செவ்வாயிலிருந்து படையெடுத்து வருபவர்களைக் கற்பனை செய்த எச்.ஜி. வெல்ஸின் நாவல் 1898இல் நூலாக வெளிவந்தது. அமெரிக்க வங்கிகள் ஆட்டங்கண்ட 1907ஆம் ஆண்டின் முடிவில் வால் ஸ்டிரீட் ஜர்னல், அவ்வாண்டின் தலையாய நிகழ்வாகச் செவ்வாயில் அறிவுயிர் வாழ்வதற்குச் சான்று கிடைத்ததைக் குறிப்பிட்டது. 1911 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ், செவ்வாய்வாசிகள் இரண்டே ஆண்டுகளில் இரு பெருங்கால்வாய்களை வெட்டி முடித்துவிட்டதாகச் செய்தி வெளியிட்டது.

எடுபடாத மறுப்பு

இத்தனைக்கும் மறுப்புச் சான்று தொடக்கத்திலேயே கிடைத்திருந்தது. 1860களில் செவ்வாயின் வளிமண்டலத்தில் நீராவியைக் கண்டதாக வானியலர்கள் ஹக்கின்ஸும் ஜான்சென்னும் அறிவித்ததை, லிக் வானாய்வகத்தின் டபிள்யூ.டபிள்யூ. காம்ப்பெல் 1894இல் நிறமாலை ஆய்வின் மூலம் மறுத்தார். செவ்வாயின் ஒளி பூமியின் காற்றைக் கடந்து வருவதால், நம் காற்றிலுள்ள ஈரமே செவ்வாயின் நீராவிபோலத் தோன்றிவிடுகிறது என்பது அவர் விளக்கம். 1909இல் கலிபோர்னியாவின் விட்னி சிகரத்தில் ஏறி, மெல்லிய உலர்ந்த காற்றினூடே மீண்டும் நோக்கியும் அளக்கத்தக்க நீராவி எதையும் அவர் காணவில்லை.

கோடுகள் பற்றிய மறுப்பும் வலுவானதே. 1903இல் இங்கிலாந்தின் எட்வர்ட் மாண்டர், கிரீனிச் பள்ளி மாணவர்களிடம் கோடுகளே இல்லாத, புள்ளிகளும் நிழல்களும் மட்டும் கொண்ட வட்டப் படங்களைத் தொலைவில் வைத்துக் காட்டி வரையச் சொன்னார். மாணவர்கள் பலர் கோடுகளை வரைந்தார்கள். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒரே காலத்தில் கண்ட ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், 1907இல் தம் 84ஆம் வயதில், செவ்வாய் நீர் ஓட முடியாத அளவுக்குக் குளிர்ந்த கோள் என்று தனி நூல் எழுதி நிறுவினார். 1909இல் பாரிஸை அடுத்த மூதோன் ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் வானியலர் அந்தோனியாதி பார்த்தபோது, கோடுகள் சிதறிய திட்டுகளாகப் பிரிந்து தெரிந்தன.

வானியலர்களிடையே கால்வாய்க் கொள்கை இதனால் வலுவிழந்தது, மக்களிடையே இழக்கவில்லை. 1924 ஆகஸ்டில் செவ்வாய் பூமியை மிக நெருங்கியபோது, அங்கிருந்து வரக்கூடிய வானொலிக் குறிப்புகளைக் கேட்பதற்காக அமெரிக்கக் கடற்படை நிலையங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன. கால்வாய் என்ற செய்தியில் நாயகர்கள் இருந்தார்கள், போராட்டம் இருந்தது, அழிவை எதிர்கொள்ளும் துணிவு இருந்தது. நீராவி அளவைத் தரும் அட்டவணையில் இவை எவையும் இல்லை. மறுப்பு தோற்றதற்கு இதுவே காரணம்.

மாண்ட கோள்

1963இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஸ்பின்ராட், முன்ச், கப்லான் ஆகியோர் செவ்வாயின் நீராவியை முதன்முறையாக ஐயத்துக்கு இடமின்றிப் பதிவு செய்தனர். அது முழுவதையும் நீராக்கிப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றரைப் பங்கு உயரமே தேறும். செவ்வாயில் நீர் உண்டு என்பதற்கு உண்மையிலேயே கிடைத்த முதற்சான்று இது. ஆனால், பொதுவெளியில் இதற்கு எந்த ஆரவாரமும் எழவில்லை.

1965 ஜூலையில் மரினர்-4 விண்கலம் அனுப்பிய 22 படங்கள்தாம் உலகைப் பேச வைத்தன. அவற்றில் தெரிந்தவை நிலவில் உள்ளவை போன்ற பள்ளங்கள். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும், அதன் பரப்பில் நீர் திரவமாக நீடிக்க முடியாது என்றும் தெரியவந்தது. நியூயார்க் டைம்ஸின் தலையங்கம் செவ்வாயை மாண்ட கோள் என்றே அழைத்தது. கோளின் சிறு பகுதியை மட்டுமே காட்டிய 22 படங்களிலிருந்து முழுக்கோளுக்கும் இறப்புச் சான்றிதழ் எழுதியதும், முன்பு கோடுகளிலிருந்து நாகரிகத்தைக் கட்டியெழுப்பியதும் ஒரே வகை அவசரம்.

1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரினர்-9, புழுதிப்புயல் அடங்கிய பின் வறண்ட ஆற்றுப்படுகைகளைப் படம்பிடித்தது. 1976இல் இறங்கிய வைக்கிங் கலன்கள் இரண்டும் உயிர் இருப்பதற்கு ஏற்கத்தக்க சான்று எதையும் தரவில்லை. அவற்றுள் இரண்டாவது கலனைச் சுற்றி உறைபனி படிந்ததை அதன் ஒளிப்படக்கருவி பதிவு செய்தது. மக்கள் நினைவில் தங்கியதோ அதே திட்டத்தின் சுற்றுக்கலன் எடுத்த, மனித முகம் போன்ற குன்றின் படம். நிழல் விழுந்த பாறையே அது என்று நாசா அப்போதே விளக்கியும் பயன் இல்லை. உறைபனி நிரூபிக்கப்பட்ட நீர். முகம் வெறும் தோற்றம். மக்கள் தேர்ந்தது தோற்றத்தை.

பனிக்கட்டியின் உறுதி

2002இல் மார்ஸ் ஒடிசி சுற்றுக்கலன், தென்துருவத்தை அடுத்த நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் ஏராளமான பனிக்கட்டி இருப்பதைக் காட்டியது. அது மிச்சிகன் ஏரியை இருமுறை நிரப்பும் அளவு என்று அறிவியலர்கள் மதிப்பிட்டனர். 2004இல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, மெரிடியானி சமவெளியின் பாறைகள் முற்காலத்தில் நீரில் நனைந்தவை என்று நிறுவியது. 2008 மே மாதம் வடதுருவத்தை ஒட்டி இறங்கிய பீனிக்ஸ் கலன் தோண்டிய குழியில் வெண்ணிறத் துண்டுகள் தெரிந்தன. நான்கு நாட்களில் அவை மறைந்துபோயின. உப்பு அப்படி மறையாது. பனிக்கட்டிதான் மெல்லிய காற்றில் நேரே ஆவியாகும். ஜூலை இறுதியில் கலனின் அடுப்பில் சூடாக்கப்பட்ட மண்ணிலிருந்து நீராவி வெளிவந்தது. வேற்றுக்கோள் ஒன்றில் மனிதக் கருவி நீரைத் தொட்டுச் சோதித்த முதல் நிகழ்வு இது.

இம்முறை எதிர்வினையின் வடிவமும் மாறியது. கலனே தன் வாயால் பேசுவதுபோல் நாசாவின் ஊடகப் பிரிவு டுவிட்டரில் எழுதியது. பனிக்கட்டி கிடைத்த செய்தி அவ்வழியாகவே ஆர்வலர்களைச் சேர்ந்தது. அவர்கள் கேள்வி கேட்டார்கள், விடையும் பெற்றார்கள். ஆயினும் சில நாட்களுக்குள், இதைவிடப் பெரிய செய்தி ஒன்று மறைக்கப்படுவதாகவும் அது உயிரைப் பற்றியது என்றும் வதந்தி எழுந்தது. அதை அடக்க, மண்ணில் பெர்குளோரேட்டு என்னும் உப்பு இருப்பதை நாசா உரிய நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டியதாயிற்று. நீர் கையில் கிடைத்த பிறகும் மக்கள் மனம் அதைத் தாண்டி உயிரைத் தேடியதற்கு இது நல்ல சான்று.

இந்தியாவின் அனுபவம்

நிலவு கோளன்று. எனினும் நீர்ச் செய்தியை இந்திய மக்கள் எதிர்கொண்ட விதத்தை அறிய 2009இன் நிலவுச் செய்தி உதவுகிறது. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-1 நிலவுக் கலனில் நாசாவின் கருவி ஒன்றும் பயணித்தது. அக்கருவி நிலவின் மண்ணில் நீர் மூலக்கூறுகளைக் கண்டதாக 2009 செப்டம்பர் 24 அன்று அறிவிக்கப்பட்டது. ஒரு டன் மண்ணில் அதிகம் போனால் ஒரு லிட்டர் தேறும் என்பது மதிப்பீடு. இங்கு உயிர் பற்றிய பேச்சு பெரிதாக எழவில்லை. இது யாருடைய வெற்றி என்பதே பேச்சாயிற்று. இந்தியாவின் மோதுகலனும் 2008 நவம்பரிலேயே நீரின் தடயத்தைப் பதிவு செய்திருந்தது அவ்விவாதத்துக்கு வலு சேர்த்தது. நீர்ச் செய்தியைக் கேட்ட சமூகம் எதற்காகக் காத்திருந்ததோ, அதுவே அதன் காதில் விழுந்தது. அமெரிக்கர் உயிருக்காகக் காத்திருந்தார்கள். இந்தியர் உலக அரங்கில் ஓர் இடத்துக்காக.

2015: அறிவிப்பின் ஆற்றல்

2015 செப்டம்பர் 28 அன்று நடந்தது தனியே கருதத்தக்கது. செவ்வாயின் சரிவுகளில் வெப்பக் காலத்தில் நீண்டு, குளிர்காலத்தில் மங்கும் கருங்கீற்றுகளை, நேபாளத்தில் பிறந்த லுஜேந்திர ஓஜா மாணவராக இருந்தபோதே கவனித்திருந்தார். அக்கீற்றுகளில் நீரேற்ற உப்புகள் உள்ளன என்பதே அன்றைய ஆய்வுக் கட்டுரையின் முடிவு. நாசாவோ செவ்வாயின் மர்மம் விடுபட்டதாக முன்கூட்டியே அறிவித்து நேரலைக் கூட்டம் நடத்தியது. ஓடும் நீர் என்று உலக நாளிதழ்கள் தலைப்பிட்டன. கூகுள் தன் முகப்புப் படத்தை மாற்றியது. அதே வாரம் வெளியான 'தி மார்ஷியன்' திரைப்படத்துக்குச் செய்த விளம்பரம் இது என்று சிலர் கேலி செய்தார்கள். அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா இதைப் பருவநிலை அரசியலோடு முடிச்சுப்போட்டார். அருகில் ஊர்ந்துகொண்டிருந்த கியூரியாசிட்டி ஊர்தியை ஏன் அங்கே அனுப்பவில்லை என்று பலர் கேட்டார்கள். பூமியின் நுண்ணுயிர்கள் அங்கே தொற்றிவிடக்கூடாது என்ற பன்னாட்டு விதி அதைத் தடுத்தது. அவ்விதி இருப்பதையே பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

2017 நவம்பரில் டண்டாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர், அக்கீற்றுகள் 27 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தான சரிவுகளில் மட்டுமே தோன்றுவதைக் காட்டி, அவை பெரும்பாலும் சரியும் உலர்மணலே என்று வாதிட்டனர். இதற்கு நேரலை இல்லை, முகப்புப் படமும் இல்லை. 1909இல் மறுப்பு எடுபடாமல் போன கதை நூறாண்டு கழித்து மீண்டும் நடந்தது.

ஆழத்து நீர்

2018 ஜூலையில் இத்தாலிய ஆய்வாளர்கள், தென்துருவப் பனிக்கு 1.5 கிலோமீட்டர் கீழே 20 கிலோமீட்டர் அகலத்தில் திரவ நீர் இருப்பதாக மார்ஸ் எக்ஸ்பிரஸ் சுற்றுக்கலனின் ராடார் கொண்டு அறிவித்தனர். அத்தனை குளிரில் நீர் திரவமாக இருக்க முடியுமா என்ற கேள்வி உடனே எழுந்தது. களிமண்ணும் எரிமலைப் பாறையும் அதே எதிரொலியைத் தரக்கூடும் என்று பின்வந்த ஆய்வுகள் கூறின. 2024 ஆகஸ்டில் இன்சைட் கலனின் நிலநடுக்கப் பதிவுகளைக் கொண்டு, 11.5 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெடிப்புகளில் நீர் நிறைந்திருக்கலாம் என்று மற்றொரு குழு வாதிட்டது. இச்செய்திகளைச் சுற்றி எழுந்த பேச்சில் ஒரு புதிய கேள்வி முந்தி நின்றது: குடியேறப் போகிறவர்களுக்கு அந்த நீர் எட்டுமா? செவ்வாய்வாசியின் இடத்தை மனிதன் எடுத்துக்கொண்டான்.

முடிவுரை

ஒன்றரை நூற்றாண்டுப் பதிவுகள் மூன்று முடிவுகளைத் தருகின்றன. முதலாவது, மக்களின் எதிர்வினையைத் தீர்மானித்தது சான்றின் வலிமை அன்று. நீரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கதையே. இரண்டாவது, அக்கதையை அந்தந்தக் காலத்தின் ஆசைகள் எழுதின: கால்வாய் வெட்டிய தலைமுறை கால்வாயைக் கண்டது; குடியேற்றம் பேசும் தலைமுறை குடிநீரைக் கணக்கிடுகிறது. மூன்றாவது, ஆரவாரத்துக்கு மக்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 1906இல் லோவெலும் 2015இல் நாசாவும் சான்று தாங்கக்கூடியதைவிடக் கூடுதலாக அறிவித்தார்கள். மக்கள் கேட்டதை நம்பினார்கள்.

தமிழில் அறிவியல் எழுதுவோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நீர் கண்டறியப்பட்டதாக அடுத்த செய்தி வரும்போது, அது ஆவியா, பனியா, திரவமா என்பதையும், எந்தக் கருவி கண்டது என்பதையும், வேறொரு கருவி அதை உறுதிசெய்ததா என்பதையும் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். பின்னர் மறுப்பு வந்தால், கண்டுபிடிப்புக்குத் தந்த இடத்தை மறுப்புக்கும் தர வேண்டும்.