கல்விக் கடனில் படித்த நர்ஸ், டீச்சர் ஆனால் கடன் குறையுமா? திருப்பூர் குடும்பங்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங், அம்மா செக்கிங், பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் என்று இருக்கும் வீடுகள் உண்டு. படிப்புக்கு பேங்க் லோன். படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு. அடுத்து எம்.எஸ்சி. படிச்சு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்று நினைக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: பழைய கடனை யார் கட்டுவது? அரசு ஏதாவது உதவுமா?

நேரடி பதில்: ஒரு நர்ஸ் ஆசிரியர் ஆனார் என்பதற்காகவே அவரது கல்விக் கடனைக் கட்டும் தனித் திட்டம் மத்திய அரசிடமும் இல்லை, தமிழக அரசிடமும் இல்லை. ஆனால் தவணையைத் தள்ளிப்போடவும், வட்டியைக் குறைக்கவும் சில வழிகள் இருக்கு.

நர்சிங் ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு தேவை?

2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அமைக்க, 2023 ஏப்ரல் 26-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு ரூ.1,570 கோடி. ஆண்டுக்கு 15,700 நர்சிங் பட்டதாரிகள் கூடுதலாக வருவார்கள் என்பது கணக்கு. 2022 ஜனவரி 12-ல் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று.

கட்டடம் கட்டிடலாம். பாடம் நடத்த ஆள் வேணுமே? 10 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. ஒரு கல்லூரியில் ஆண்டுக்கு 100 பேர் சேர்ந்தால், 4 ஆண்டுகளுக்கு 400 மாணவர்கள், 40 ஆசிரியர்கள். 157 கல்லூரிகளுக்குக் கணக்குப் போட்டால் 6,280 பேர்.

ஆசிரியர் ஆக என்ன தகுதி?

பி.எஸ்சி. முடித்து அனுபவம் இருந்தால் டியூட்டர் ஆகலாம். உதவிப் பேராசிரியர் ஆக எம்.எஸ்சி. நர்சிங்கோடு 3 ஆண்டு கற்பித்த அனுபவமும் தேவை. எம்.எஸ்சி. 2 ஆண்டு முழுநேரப் படிப்பு. அதில் சேரவே பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். அதாவது, சம்பளம் வாங்கி தவணை கட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் வேலையை விட்டுட்டு மறுபடி படிக்கப் போகணும். சிக்கலே இங்கதான்.

தவணை எவ்வளவு வரும்?

கடன் பாக்கி ரூ.4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் ரூ.5,286. 15 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் ரூ.4,298 தான். ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய ரூ.1.4 லட்சம் கூடுதலாகப் போகும்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதிய நர்ஸுகளின் சம்பளம் 2022-ல்தான் ரூ.14,000-லிருந்து ரூ.18,000 ஆனது. அதில் ரூ.5,286 போனால் கிட்டத்தட்ட 30 சதவீதம் காலி. எம்.எஸ்சி. படிக்கும் 2 ஆண்டுகளில் சம்பளமே இருக்காது. தவணை ஓடிக்கிட்டே இருந்தால் ரூ.1.27 லட்சம் வீட்டிலிருந்து போகணும்.

வீட்டு வருமானமும் நிலையா இருக்கும்னு சொல்ல முடியாது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனபோது திருப்பூர் ஏற்றுமதி ஆர்டர்கள் அடி வாங்கின. ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம் பணம். கல்விக் கடனில் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பதும் அதே அப்பா, அம்மாதான்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அங்கே நர்சிங் ஆசிரியர்களுக்கென்றே ஒரு கடன் திட்டம் இருக்கு. 2002-ல் வந்த சட்டத்தின் கீழ் உருவானது. படிப்பு முடிந்து நர்சிங் கல்லூரியில் முழுநேர ஆசிரியராக வேலை பார்த்தால் முதல் 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 20 சதவீதம், 4-வது ஆண்டில் 25 சதவீதம் என மொத்தம் 85 சதவீதம் வரை கடன் ரத்தாகும். கற்பிக்கலைன்னா சலுகை கிடையாது.

கேரளா செய்தது என்ன?

பக்கத்து மாநிலமான கேரளா 2017-ல் ரூ.900 கோடியில் கல்விக் கடன் திருப்பிச் செலுத்தும் உதவித் திட்டத்தை அறிவித்தது. இது ஆசிரியர்களுக்கு மட்டுமானது அல்ல, கடன் சுமையில் இருந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. தவணை தொடங்கியதும் முதல் ஆண்டில் 90 சதவீதம், அடுத்து 75, 50, 25 என அரசின் பங்கு படிப்படியாகக் குறையும். வேலையில் காலூன்றும்வரை கைகொடுப்பதுதான் இதன் வழி.

நம்ம ஊரில் என்ன கிடைக்கும்?

வட்டி மானியம்: குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலம் மற்றும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கான வட்டியை மத்திய அரசே கட்டும். ஆனால் ஒருவருக்கு ஒரு முறைதான். பி.எஸ்சி.க்கு வாங்கியிருந்தால் எம்.எஸ்சி.க்குக் கிடைக்காது.

பிஎம் வித்யாலட்சுமி: 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. ரூ.8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. அரசு பட்டியலிட்ட தரமான கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

புதுமைப் பெண்: மாதம் ரூ.1,000. முதல் பட்டப்படிப்பு வரைதான். எம்.எஸ்சி.க்கு இல்லை.

எம்.எஸ்சி. சேரும் முன் என்ன செய்யணும்?

1. சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததும், தவணையை நிறுத்தும் முன் கடன் கொடுத்த கிளைக்குப் போங்க. மேற்படிப்புக்கான கூடுதல் கடனைப் பழைய கடனோடு சேர்த்து, படிப்பு முடிந்தபின் கட்டும்படி மாற்ற முடியுமா என்று கேளுங்க. வங்கிகள் சங்கத்தின் மாதிரி கல்விக் கடன் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு.

2. வேலை இல்லாத அல்லது வருமானம் குறைந்த காலத்துக்கு 2, 3 முறை தவணைச் சலுகை தரலாம் என்றும் அதே திட்டம் சொல்கிறது. இறுதி முடிவு வங்கியுடையது. அதனால் வாய்மொழியாக இல்லாமல் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கோங்க.

3. 90 நாட்களுக்கு மேல் தவணை நின்றால் அது வாராக் கடன். உங்க சிபில் ஸ்கோரோடு பெற்றோரின் ஸ்கோரும் விழும். அதன்பிறகு எம்.எஸ்சி.க்குப் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம்.

4. ரூ.7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கு. அந்தத் திட்டத்தில் வரும் கடனுக்கு சொத்து அடமானம் தேவையில்லை. பத்திரம் கேட்டால், இந்தத் திட்டத்தில் கடன் தர முடியுமா என்று கேளுங்க.

5. பி.எஸ்சி.க்கு வட்டி மானியம் வந்ததா என்று கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் பாருங்க. அது வரவில்லை என்றால், ஏன் என்று வங்கியில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம்.