மாற்றுத்திறனாளி கார்டில் சதவிகிதம் குறைஞ்சிடுச்சா? மேல்முறையீட்டுக்கு முன் பார்க்கவேண்டிய 3 கோடுகள்!

வேலூர் - திருவண்ணாமலை சாலையில், படவேட்டுக்குப் பிரிகிற இடம் சந்தவாசல். பக்கத்திலேயே ஜவ்வாது மலை. அந்த ஊரில் ஓர் அண்ணன் இருக்கிறார்னு வெச்சுப்போம். சின்ன வயசில் போலியோ வந்து கால் பாதித்தவர். பழைய அடையாள அட்டையில் 78 சதவிகிதம். யு.டி.ஐ.டி கார்டுக்காக மறுபடியும் பரிசோதனைக்குப் போனார். புது கார்டில் 65 சதவிகிதம்னு வந்துடுச்சு. மாதாமாதம் வந்துகொண்டிருந்த 2,000 ரூபாய் இனி வராது.

"விடாதே, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடு" என்கிறார் ஒருவர். "திரும்பப் போனா இன்னும் குறைச்சுடுவாங்க, சும்மா இரு" என்கிறார் இன்னொருவர். ரெண்டு பேருமே அவர் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா, முடிவெடுக்க இது போதாது. உங்க வீட்டிலோ, தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எத்தனை குறைந்தது என்பதைவிட, எந்தக் கோடு தாண்டியது?

சதவிகிதம் 13 குறைந்தாலும் சிலருக்கு ஒன்றும் ஆகாது. 2 குறைந்தாலே சிலருக்கு எல்லாமே போய்விடும். காரணம், சலுகைகள் எல்லாம் சில எண்களில்தான் தொடங்குகின்றன.

40 சதவிகிதம்: இதுதான் முக்கியமான கோடு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, அரசு வேலையில் 4 சதவிகிதம், உயர்கல்வியில் 5 சதவிகிதம் இட ஒதுக்கீடு பெற குறைந்தது 40 வேண்டும். தமிழக வருவாய்த்துறை வழங்கும் மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகைக்கும் இதே 40தான்.

75 சதவிகிதம்: மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அதற்கு 75 வேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கு இதே தொகை 40-லிருந்தே உண்டு. அவர்களுக்கு 75 என்ற கோடு பொருந்தாது.

80 சதவிகிதம்: மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு இது தேவை. பழைய வரி முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு, 75,000 ரூபாய் கழிவு 1,25,000 ஆக உயர்வதும் இந்த எண்ணில்தான்.

இப்போ சந்தவாசல் அண்ணன் கணக்கைப் பாருங்க. 75-க்குக் கீழே வந்ததால் 2,000 நிற்கும். ஆனால் 65 இருப்பதால், வறுமை உள்ளிட்ட மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் 1,500 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். அது தானாக மாறி வராது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால், உண்மையான நஷ்டம் மாதம் 500 ரூபாய், வருஷத்துக்கு 6,000.

இன்னொரு வீடு. அங்கே ஒரு தங்கைக்கு 42 இருந்தது 38 ஆகிவிட்டது. குறைந்தது வெறும் 4. ஆனால் மாதம் 1,500 போச்சு, வருஷத்துக்கு 18,000. டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கிற பெண் என்றால் இட ஒதுக்கீடும் போச்சு. அவள் கண்டிப்பாகப் போராடிப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதலில், எது குறைந்தது?

சதவிகிதம் அப்படியே இருக்க, பணம் மட்டும் நின்றிருந்தால் அது மருத்துவப் பிரச்னை இல்லை. ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்கு, வாழ்நாள் சான்று என எங்கோ ஒரு சிக்கல். பணம் தந்த அலுவலகத்தில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணிலும் புகார் பதியலாம்.

சதவிகிதமே குறைந்திருந்தால் பாதை வேறு. உரிமைகள் சட்டத்தின் 59-வது பிரிவு, சான்றளித்த மருத்துவ அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. இதற்குக் காலக்கெடு உண்டு. அதனால் கார்டு கைக்கு வந்த வாரமே, கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் கேளுங்கள்.

பரிசோதனைக்குப் பிறகு உடல்நிலை மோசமாகியிருந்தால், அது மேல்முறையீடு இல்லை, புதிய மதிப்பீடு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

டாக்டர் கண்ணால் பார்த்து எழுதும் எண் இல்லை இது. மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறைகள் இருக்கின்றன. 2018-ல் வந்தவை, 2024 மார்ச்சில் திருத்தப்பட்டன. கால் பாதிப்பு என்றால், மூட்டு அசைவும் தசை வலுவும் மட்டுமல்ல. சரிவில் நடப்பது, படி ஏறுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, சம்மணம் போடுவது, பாதித்த காலில் நிற்பது எல்லாம் பார்க்கப்பட வேண்டும். மலையடிவாரத்தில் இருப்பவருக்குச் சரிவில் நடப்பது தினசரி வேலை. அது முடியவில்லை என்றால் சொல்லுங்கள். நம்மாளுங்க பலர் டாக்டர் முன்னாடி கௌரவத்துக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்து காட்டிடுவாங்க. நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று, இரண்டு பாதிப்புகளை அப்படியே கூட்ட மாட்டார்கள். காலில் 40, கையில் 30 என்றால் 70 வராது. அதற்கான சூத்திரப்படி சுமார் 57 வரும். இது தவறில்லை, முறையே அப்படித்தான். இதை எதிர்த்து அலைவது வீண்.

எப்போது போகலாம், எப்போது வேண்டாம்?

இந்த மூன்று கேள்விகளுக்கும் 'ஆமாம்' என்றால் போங்கள்.

1. குறைந்ததால் உங்களுக்குத் தேவையான கோட்டுக்குக் கீழே வந்துவிட்டீர்களா?

2. எதை விட்டுவிட்டார்கள் என்று குறிப்பாகச் சொல்ல முடிகிறதா? ஒரு காதை மட்டும் பரிசோதித்தார்கள், இரண்டாவது பாதிப்பைப் பதியவே இல்லை, நடக்கவே சொல்லவில்லை... இப்படி.

3. அதைக் காட்ட காகிதம் இருக்கிறதா? பழைய சான்று, எக்ஸ்ரே, கேட்கும் திறன் பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி சீட்டு.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிஜமாகவே நிலைமை தேறியிருந்தால், மறுபரிசோதனையில் அதே எண்தான் வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மறுபடி பார்ப்பவர்கள் முதலிலிருந்து பார்ப்பார்கள். எண் கூடலாம், குறையவும் செய்யலாம். இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே மாற்றுத்திறனாளி உதவித்தொகை குறைந்தால், முதலில் துறையிடமே மறுபரிசீலனை கேட்டு, பிறகு தீர்ப்பாயம் போகலாம். ஆனால் அங்கும் மொத்தத் தொகையும் மறுபடி ஆராயப்படலாம். அதனால் உங்கள் எண் 41, 42 என்று கோட்டை ஒட்டி இருந்து, 2,000 ரூபாய்க்காக 75 கேட்கப் போகிறீர்கள் என்றால், ரெண்டு தடவை யோசிங்க. கையில் இருக்கும் 1,500-ம் அந்த மேஜைமேல்தான் இருக்கும்.

மனுவில் என்ன எழுதணும்?

'ரொம்ப கஷ்டப்படுகிறோம்' என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மருத்துவக் குழு பார்ப்பது அதை அல்ல. எந்தத் தேதியில், எங்கே பரிசோதித்தார்கள், எது விடுபட்டது, அதற்கு ஆதாரம் எது... இந்த நாலு வரி போதும். மதிப்பீட்டுத் தாள் கையில் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருந்து மேல்முறையீட்டுக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். கொடுத்த மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீங்க.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100-க்கு அழைக்கலாம். மாவட்டத்தில் நடக்கவில்லை என்றால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். அவர் ஒரு துறைக்குப் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை அந்தத் துறை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த அண்ணன் என்ன செய்யலாம்? இந்த வாரமே 1,500-க்கு விண்ணப்பித்துவிடட்டும். 40-ல் இருந்து அவர் வெகு தூரத்தில் இருக்கிறார். அதனால் மேல்முறையீட்டில் அவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. சரிவில் நடக்கச் சொல்லவே இல்லை என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தால், காலக்கெடுவுக்குள் மனுவும் போடலாம். ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

நீங்க செய்யக்கூடியது ஒன்று இருக்கு. அவருடைய பழைய அட்டை, புது கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாத்தையும் இன்னிக்கே உங்க போன்ல போட்டோ எடுத்து வெச்சுடுங்க. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது கூடவே போங்க. "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்கண்ணே" என்று வாசலிலேயே ஒருமுறை சொல்லி அனுப்புங்க.