செவிலியர் பட்டக் கல்வி

செவிலியர் பட்டக் கல்வி என்பது செவிலியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகப் பயின்று இளநிலை அறிவியல் (பி.எஸ்சி.) பட்டம் பெறும் நான்காண்டுக் கல்வி ஆகும். மருத்துவமனைப் பள்ளிகளில் அளிக்கப்படும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பிலிருந்து இது வேறுபட்டது. இரண்டையும் முடித்தவர்கள் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்த பின்னரே பணியாற்ற இயலும்.

வரலாறு

செவிலியர் பயிற்சி நெடுங்காலம் மருத்துவமனைகளின் பொறுப்பிலேயே இருந்தது. பயிலும் பெண்களே விடுதிகளில் தங்கி, நோயாளிகளையும் கவனித்து வந்தனர். இதனால் கற்றலைவிட வேலையே மிகுந்திருந்தது. 1909இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது இம்முறையில் ஒரு திருப்பமாகும். அதே 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடர், டெலியா ஹௌட்டன் என்ற செவிலியருடன் சேர்ந்து ஒரு செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். இப்பள்ளி 1946இல் கல்லூரியாக உயர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு தில்லியிலும் செவிலியர் கல்லூரி தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் இவ்விரண்டும் எனலாம்.

இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது.

பாடத்திட்டம்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் இதில் சேரலாம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல் ஆகியவை முதலில் கற்பிக்கப்படுகின்றன. பின்னர் அறுவை மருத்துவச் செவிலியம், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, சமூக நலம் ஆகியவை வருகின்றன. ஆய்வுமுறை, புள்ளியியல், நிர்வாகம் ஆகியவற்றுக்குத் தரப்படும் இடமே இப்படிப்பின் தனித்தன்மை. 2021இல் வந்த புதிய விதிமுறைகளின்படி எட்டுப் பருவங்களாகப் பாடங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. பட்டயம் பெற்றவர் இரண்டாண்டு மேற்படிப்பால் இப்பட்டத்தை அடையலாம்.

கடலூர் மாவட்டத்தில்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி உள்ளது. 2013இல் தமிழ்நாடு அரசு இப்பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆயினும் அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் கட்டணம் பிற அரசுக் கல்லூரிகளைவிடப் பன்மடங்கு கூடுதலாகவே நீடித்தது. அரசுக் கட்டணம் கோரி மருத்துவ மாணவர்கள் 2020 திசம்பரில் போராடத் தொடங்கினர். 2021 சனவரியில் மருத்துவ, பல் மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் மூன்றும் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. விருத்தாசலம் போன்ற ஊர்களின் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமே கல்லூரியின் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் செய்கிறது என்பதால், இம்மாற்றம் வெறும் நிர்வாகச் செய்தி அன்று.

வேலைவாய்ப்பு

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தொடக்கநிலைச் செவிலியர் பணிக்குப் பட்டயம் பெற்றவரும் பட்டம் பெற்றவரும் ஒருசேரப் போட்டியிடுகின்றனர். நான்காண்டுப் படிப்புக்கெனத் தனிப் பதவி அங்கில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் ஆயிரக்கணக்கான செவிலியரைத் தேர்வு செய்தபோதும் அவர்கள் தொகுப்பூதிய ஒப்பந்த முறையிலேயே பணியமர்த்தப்பட்டனர். பட்டத்தின் பயன் பிற திசைகளில் தெளிவாகத் தெரிகிறது: முதுநிலைப் படிப்பு, அதன்வழிக் கல்லூரி ஆசிரியப் பணி, ஆய்வு ஆகியவற்றுக்கு அதுவே அடிப்படைத் தகுதி.