ஒலியாத முதலெழுத்து

எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுள் முதலாவது ஆலெப். இதனை நம் அகரத்தோடு ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அகரம் உயிர், வாய் திறந்த அளவில் ஒலிப்பது. ஆலெப்போ மெய்யெழுத்து. உயிரொலி பிறக்குமுன் மிடற்றில் நிகழும் ஒரு சிறு அடைப்பே இதன் ஒலி. இக்கால எபிரேயப் பேச்சில் அதுவும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பண்டைச் செமித்திய மக்கள் எருதின் தலையை வரைந்து இவ்வெழுத்தைக் குறித்தனர். கிரேக்கர் இதனைக் கடன்பெற்று, 'ஆல்பா' என்னும் உயிரெழுத்தாக்கிக்கொண்டனர். யூத ஞானியரோ, ஒலியற்ற இவ்வெழுத்தின்மேல் ஒரு பெரும் சிந்தனை மரபையே எழுப்பினர்.

அம்மரபு ஒரு முறையீட்டில் தொடங்குகிறது. தோராவின் முதற்சொல் 'பெரெஷீத்'. எனவே உலகப் படைப்பின் வரலாறு இரண்டாம் எழுத்தாகிய பேத்தில் தொடங்குகிறது. முதலெழுத்து ஏன் ஒதுக்கப்பட்டது? ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில் பாலத்தீனத்தில் தொகுக்கப்பெற்ற 'பெரெஷீத் ரப்பா' இதற்கு ஒரு கதை கூறும். 26 தலைமுறைக் காலம் ஆலெப் இறைவனின் அரியணைமுன் நின்று முறையிட்டதாம். சீனாய் மலையில் கட்டளைகளை வழங்கும் நாளில் உன்னைக் கொண்டே தொடங்குவேன் என்று இறைவன் அதனைத் தேற்றினான். பத்துக் கட்டளைகளின் முதற்சொல் 'அனோகி'. 'நான்' என்பது பொருள். அதன் முதலெழுத்து ஆலெப்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட 'சோஹார்' இக்கதையை மாற்றிச் சொல்கிறது. எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, தன்னைக் கொண்டே உலகைப் படைத்தருள்க என வேண்டுகின்றன. அப்பேறு பேத்துக்குக் கிட்டுகிறது. ஆலெப் மட்டும் முன்வரவில்லை. ஒருவர்க்கு ஈந்த கொடையை மீட்டு மற்றொருவர்க்கு வழங்குதல் அரசனுக்குத் தகாது என்று ஒதுங்கி நிற்கிறது. முறையிட்ட எழுத்து, இடைப்பட்ட நூற்றாண்டுகளில், அடங்கி நிற்கும் எழுத்தாகிவிட்டது. இம்மாற்றமே என்னை மிகவும் ஈர்ப்பது.

வடிவத்தையும் விட்டாரில்லை. சாய்ந்த ஒரு வாவ், அதன் மேலும் கீழும் இரு யோத் எனப் பிரித்துக் காண்பர் கப்பாலா மரபினர். எண்மதிப்பில் 6, 10, 10, கூட்டினால் 26. இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரின் எண்ணும் அதுவே. முன்சொன்ன 26 தலைமுறைகளோடு இதனை முடிச்சிட மனம் அவாவும், அடக்கிக்கொள்வோம்.

சீனாயில் மக்கள் இறைவனிடமிருந்து நேரே கேட்டது எவ்வளவு? முதலிரு கட்டளைகளை மட்டும் என்பது தல்மூதில் காணும் ஒரு கருத்து. கலீசியாவில் வாழ்ந்த ஹசீதிய ஞானி ரிமனோவ் மெண்டெல் (மறைவு 1815) இன்னும் துணிந்து, 'அனோகி'யின் ஆலெப்பை மட்டுமே கேட்டனர் என்றதாகச் சொல்வர். இக்கூற்றை 20ஆம் நூற்றாண்டில் உலகறியச் செய்தவர் கெர்ஷோம் ஷோலெம் (1897–1982). ஒலியாத எழுத்தைக் கேட்பது ஏறக்குறைய ஒன்றும் கேளாமையே. அவ்வாறாயின் கட்டளைகளின் சொற்கள் மோசே என்னும் மனிதர் செய்த மொழிபெயர்ப்பாகின்றன என்று அவர் விரித்துரைத்தார். சமயச் சட்டத்தின் அதிகாரமே இங்கு ஆட்டம் காண்கிறது. ஆயினும் மெண்டெலின் மாணவர் ரோப்ஷிட்ஸ் நப்தலி தந்த விளக்கம் வேறு: இரு யோத்களும் கண்கள், வாவ் மூக்கு, மக்கள் கண்டது திருமுகம். மௌனத்தை முன்னிறுத்தியது ஷோலெமின் வாசிப்பு. ஞானியின் சொல்லை அவர் நம் காலத்து ஐயத்தோடு கேட்டார் என்றே கருதுகிறேன். அதனால் அவ்வாசிப்பின் கனம் குறைந்துவிடவில்லை.

இன்னொரு செய்தி. லேவியராகமத்தின் முதற்சொல் 'வயிக்ரா'. 'அழைத்தார்' என்பது பொருள். இறுதி ஆலெப்பை நீக்கினால் 'வயிக்கர்' ஆகித் தற்செயலாக எதிர்ப்பட்டதைக் குறிக்கும். பிலேயாமுக்கு இறைவன் தோன்றியதைத் தோரா அச்சொல்லால்தான் சொல்கிறது. மோசே தம்மை உயர்த்திக் கூற நாணி ஆலெப் இன்றியே எழுத விழைந்தார், இறைவன் இசையாமையால் அதனைச் சிறிதாக்கி எழுதினார் என்பார் இடைக்கால உரையாசிரியர் யாக்கோபு பென் ஆஷேர். தோலில் மைகொண்டு எழுதப்பெறும் தோராச் சுருள்களில் அந்த ஓர் ஆலெப் இன்றும் பக்கத்து எழுத்துகளைவிடச் சிறிதாகவே எழுதப்படுகிறது.