பரபக்கங் கூறும் மரபு

ஒரு கொள்கையை நிலைநாட்ட விரும்பும் ஆசிரியன் முதற்கண் எழுதவேண்டுவது தன் கொள்கையை அன்று. அதனை மறுப்பவன் கொள்கையையே என்பது பாரத நாட்டு மெய்ந்நூலார் நெடுங்காலம் போற்றிய நெறி. வடநூலார் முன்னதைப் பூர்வபட்சம் என்றும், அதற்கு விடையாக எழுந்து நிலைபெறுவதைச் சித்தாந்தம் என்றும் வழங்கினர். தமிழ்ச் சைவநூலார் பிறர் கொள்கையைப் பரபக்கம் எனவும், தம் கொள்கையைச் சுபக்கம் எனவும் பிரித்துரைத்தனர். தமிழில் வாதிட்டு எழுதும் ஆற்றல் இந்நெறியினாலேயே வளர்ந்தது என்பதும், இந்நெறி நெகிழ்ந்தவிடத்து அவ்வாற்றலும் தளர்ந்தது என்பதும் இலக்கிய வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

இஃது அறிஞர் சிலர்க்கே உரிய பயிற்சியாகக் கருதப்படவில்லை. நூல் கற்பார் அனைவர்க்கும் உரிய பொதுவிதியாகவே நன்னூல் இதனை வைத்தது. நூலாசிரியர் மேற்கொள்ளும் மதங்கள் ஏழு என வகுத்த பவணந்தி முனிவர், பிறர் மதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலை அவற்றுள் ஒன்றாக எண்ணினார். இருவர் மாறுபட்ட வழி ஒன்றனைத் துணிதலையும் உடன்வைத்தார். மாணாக்கன் ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் அவன் பெறுவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என அந்நூல் கணக்கிடுகிறது. புலமையின் முக்காற்பங்கு பிறரோடு உரையாடுவதாலேயே அமையும் என்பது இதன் கருத்தாயிற்று.

இம்முறை ஒரு காப்பியத்தின் அமைப்பாகவே விளங்குவதை மணிமேகலையிற் காணலாம். முப்பது காதைகளையுடைய அந்நூலின் 27ஆம் காதையில், மாதவன் வடிவு கொண்ட மணிமேகலை வஞ்சி நகரிற் சமயக் கணக்கர் பலரையும் அணுகி அவரவர் திறங்களைக் கேட்கின்றாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் முதலியோர் தத்தம் கோட்பாட்டைத் தாமே கூறுகின்றனர். சாத்தனார் பௌத்தச் சார்புடையவர்; எனினும் அவர்களை இடைமறித்திலர். பூதவாதியின் வாயில் அவன் கொள்கைக்குச் சாலப் பொருந்திய உவமையையே வைத்தார்: ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூடியவழி மதுவின் களிப்புப் பிறப்பதுபோலப் பூதங்கள் கூடியவழி உணர்வு பிறக்கும் என்பது அது. காட்சியன்றி வேறளவை கொள்ளாத அவனை நோக்கி, தாய் தந்தையரைக் கருத்தளவையாலன்றி எவ்வாறு அறிந்தாய் என அவள் வினவுகின்றாள். எதிரியின் வலிமை முழுதும் வெளிப்பட்ட பின்னர் எழுந்ததாதலின் அவ்வினாவுக்கு வன்மை மிகுந்தது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புக்களும் அவற்றின் போலிகளும் 29ஆம் காதையில், அறவண அடிகள் வாயிலாகக் கச்சியிலேயே கூறப்படுகின்றன. முதலிற் கேள்வி, பின்னரே தருக்கம் என்னும் இவ்வைப்பு முறை ஈண்டு நோக்கற்பாலது.

சமண நூலாகிய நீலகேசி வேறொரு படிப்பினையைத் தருகின்றது. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த இந்நூலின் பத்துச் சருக்கங்களுள் முதலாவதாகிய தருமவுரை நீங்கலாக ஏனைய ஒன்பதும் வாதங்களே. புத்தரும் நேரில் வாதிட்டுத் தோற்பதாக இதிற் கூறப்படுகின்றது. எழுத்தாணி ஒருவர் கையிலேயே இருக்கும்போது மற்றவர் எளிதில் தோற்பர் என்பதற்கு இது சான்று. ஆயினும் மறுக்கப்பட்ட குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைத்திலது. எஞ்சிய செய்யுட்கள் ஏறத்தாழ 19 மட்டுமே. அந்நூலைப் பற்றி அறியக்கிடப்பனவற்றுட் பலவற்றை நீலகேசியும், அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் இயற்றிய உரையும் காத்துத் தந்துள்ளன. ஒருவர் நூலை அழியாது வைத்தவர் அவரை மறுத்தவரே என்னும் இந்நிகழ்ச்சி, மறுப்பாசிரியனுக்குரிய பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை உணர்த்தும். அவன் பிழைபடக் கூறின் அப்பிழையே பிற்காலத்தார்க்கு வரலாறாகிவிடும்.

இப்பொறுப்பை உணர்ந்து எழுந்த பெருநூல் 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார். அதன் முற்பகுதியாகிய பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பௌத்தருள்ளும் நால்வகையினர் தனித்தனியே வருகின்றனர். ஒவ்வொருவர் மதமும் முதலிற் கூறப்பட்டு, அதன் மறுதலை பின்னர் வருகின்றது. இதன் பின்னரே சுபக்கம் தொடங்குகின்றது. கி. பி. 1313இல் உமாபதி சிவாசாரியார் இயற்றிய சங்கற்ப நிராகரணம் இம்முறையைச் சைவத்திற்கு அணுக்கமான கொள்கைகளின்மேற் செலுத்திற்று. சங்கற்பம் என்பது ஒருவர் கோளை எடுத்துரைத்தல்; நிராகரணம் அதனை நீக்குதல். அயலாரை மறுப்பதினும் அணுக்கரை மறுப்பதற்கு நுட்பம் மிகுதியும் வேண்டுமாதலின், தருக்கவுரை இந்நூலில் மேலும் கூர்மையடைந்தது.

ஆயினும் பிற்காலத்தார் இம்மரபின் ஒரு பாதியையே மிகுதியும் பேணினர். சுபக்கத்துக்கு அறுவர் உரைகள் உள. பரபக்கத்துக்கு அமைந்த உரைகள் சிலவே. விடையைக் கற்றவர் பலராகவும், அவ்விடை எவ்வினாவுக்கு எழுந்தது என்பதைக் கற்றவர் சிலராகவும் ஆயினர். வினாவை மறந்த விடை நாளடைவில் மனப்பாடமாகிவிடும். அதனை உரைப்பவன் புதியதொரு தடை எழுந்தவிடத்து வாளாவிருப்பான், அன்றி வெகுள்வான்.

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அத்தகைய புதிய தடை எழுந்தது. கிறித்தவ மிஷனரிமார் அச்சு நூல்கள் வாயிலாகச் சைவத்தின் மீது குற்றங்களைத் தொடுத்தனர். 1841இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உதயதாரகையில் சைவர் எழுதிய கடிதங்களும் வெளிவந்தன. 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, ஆங்குக் கற்பித்து, அவர் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த நாவலர், 1854இற் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். ஆலயம், தூபம், தீபம், நிவேதனம் முதலியவற்றின்மேல் எழுந்த குற்றச்சாட்டுக்களுக்கு, விவிலியத்தின் பழைய ஏற்பாடு விதிக்கும் வழிபாட்டு முறைகளை எடுத்துக்காட்டி அவர் விடை கூறினார். எதிர்ப்பக்கத்தார் நூலை அவர்தம் மேசையிலிருந்தே ஊன்றிக் கற்றிராவிடின் அந்நூல் பிறந்திராது. அவர் வசனநடையின் தெளிவுக்கும் இவ்வாதப் பயிற்சி உரமாயிற்று. தடையைக் கூறி விடையிறுக்கும் வாக்கியம் மயங்குமாயின் வாதமே சிதைந்துவிடுமன்றோ!

அக்காலத்து எழுந்த கண்டன நூல்கள் யாவும் இத்தரத்தன அல்ல. இருதிறத்தார் நூல்களிலும் வசைமொழி மலிந்த இடங்கள் உள. அவ்விடங்கள் அன்றைய சினத்தோடு மறைந்தொழிந்தன. எதிரியின் நூலைக் கற்று அதன் சொற்களைக் கொண்டே விடையிறுத்த பகுதிகள் இன்றும் கற்கப்படுகின்றன.

பிறர் மதத்தை அவரே கேட்பினும் ஆம் என உடன்படுமாறு கூறவல்லவனே அதனை மறுக்கும் தகுதியுடையான் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும். மாற்றானை எளியவனாக்கி வெல்லும் வெற்றி எழுதியவனையும் எளியவனாக்கும். அவனை வலியவனாகவே நிறுத்தி உரைக்கும் விடை கற்பார் அறிவையும் வளர்க்கும். பரபக்கம் சுபக்கத்துக்குப் பகையன்று. அதன் வாயில் என்க.