கூர்நோக்கு இல்லத்தில் வில்லுப்பாட்டு: தாமிரபரணிக் கரைச் சிறார்களுக்கான கலைச் சிகிச்சையும் அதற்கான நிதியும்

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் தங்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். கைதானவர்களில் உடன் படித்த பையன்களும் உண்டு. அவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதி நிறக் கயிறுகளைத் தடைசெய்யும் பரிந்துரை பரவலாகப் பேசப்பட்டது. கயிற்றை அவிழ்க்க ஓர் ஆணை போதும். அவிழ்த்த பையனோடு மாதக்கணக்கில் யார் உட்கார்ந்து பேசுவது, அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சட்டம் இடம் கொடுத்தே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 53ஆம் பிரிவில், இல்லங்களில் மனநல உதவியும் கலை நிகழ்வுகளும் வேண்டும் என்கிறது. 105ஆம் பிரிவு சிறார் நலனுக்கும் மறுவாழ்வுக்கும் மாநில அரசு நிதியம் தொடங்க வழிசெய்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒன்றியமும் தமிழகமும் 60:40 என்று செலவைப் பகிர்கின்றன. ஆனால் இல்லங்களுக்கான பணியாளர் பட்டியலில் ஓவியம், கைவினை, இசை மூன்றுக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர்தான். 2021இல் இயற்றப்பட்ட தேசிய இணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் அட்டவணையில் கலைச் சிகிச்சையாளர் இடம்பெற்றும், இல்லத்தில் அவருக்கென்று பணியிடம் இல்லை.

ஓவிய ஆசிரியரும் கலைச் சிகிச்சையாளரும் ஒருவரல்லர். 1950களில் நியூயார்க் மாநிலத்தின் வில்ட்விக் பள்ளியில் மனக் கலக்கத்துக்குள்ளான சிறுவர்களோடு பணியாற்றிய கலைச் சிகிச்சையாளர் எடித் கிராமர், சிறுவனின் கோபம் படைப்பாக உருமாறும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதையே தம் வேலையாகக் கண்டார். அங்கே மதிப்பெண்ணுக்கும் மேடைக்கும் இடமில்லை. நம் பணமோ போட்டி, பரிசு, ஆண்டுவிழா என்றே செலவாகிறது. முதல் பரிசு வாங்காத பையன்தான் நம் கவலைக்குரியவன்.

நெல்லைச் சீமையில் இதற்கு வெளியிலிருந்து கருவி கொண்டுவர வேண்டியதில்லை. வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் வீசுகோலால் வில்லைத் தட்ட மணிகள் குலுங்கும். குடமும் உடுக்கையும் தாளமும் வைத்திருப்பவர்கள் அவர் சொல்லுக்கு ‘ஆமா’ போட்டு, பின்பாட்டும் பாட வேண்டும். ஒருவர் கவனம் பிசகினாலும் பாட்டு நொண்டும். அடுத்தவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காதவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கதையும் கைவசம் இருக்கிறது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், பிராமண இளைஞன் சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணக்கப் பூணூலையும் குடுமியையும் துறந்து செருப்புத் தைக்கக் கற்கிறான். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயராக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்பே காணிக்கை. அப்பெண்கள் பிறப்பால் பிராமணர் என்று சொல்லும் பாடமும் உண்டு; அது பின்னால் நுழைந்தது என்பது வானமாமலையின் வாதம். எந்தப் பாடத்தைப் பாடுவது என்று பையன்களே விவாதிக்கட்டும். தன் சாதியைப் பற்றி வாய் திறக்காதவன் பட்டன் ஏன் நூலைக் கழற்றினான் என்று பேசுவான்.

ஆபத்தும் உண்டு. சாதிப் பெருமை பாடும் கதைகளும் இதே வில்லில் ஏறுகின்றன. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனில்லாமல் கலைஞரை மட்டும் அனுப்புவது தவறு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கலைகளின் நற்பயனைக் காட்டியது. ஆனால் அவற்றின் தரம் ஒரே சீரானதல்ல. ஆகவே மதிப்பீட்டுச் செலவும் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இல்லத்தில் சிறார் தங்குவது சில மாதங்களே. விசாரணைக்குச் சட்டம் தரும் காலம் பொதுவாக நான்கு மாதம். வெளியே வந்தபின் பையனை, சிறுவர்களுக்குக் கலை கற்பிக்கும் ஜவகர் சிறுவர் மன்றம் ஏற்றுத் தொடர வேண்டும்.

தமிழக அரசு 105ஆம் பிரிவின் நிதியிலிருந்து நெல்லை இல்லத்துக்கு ஒரு சிகிச்சையாளரையும் ஒரு வில்லிசைக் கலைஞரையும் மூன்றாண்டுச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். கலைஞரைத் தேர்ந்தெடுப்பதில் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறையும், மதிப்பீட்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையும் துணைநிற்க முடியும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்குத் தலைப்பு ஒதுக்குங்கள்.