ஏர்போர்ட் ட்ரேயில் ஒரு விளம்பரம்: ஒரு சின்ன வரலாறு (இழை)

1/ ஒரு கேள்வி. விமான நிலையத்துல கிருமி அதிகமா ஒட்டியிருக்கிற இடம் எதுன்னு நினைக்கிறீங்க? டாய்லெட்னுதான் பலரும் சொல்வீங்க. எம்.பி.பி.எஸ். முடிச்ச நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

2/ 2016 குளிர்காலத்தில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் ஆய்வாளர்கள் மக்கள் கை படும் இடங்களைத் துடைத்து 90 மாதிரிகள் எடுத்தார்கள். 9 மாதிரிகளில் சுவாச வைரஸ்களின் தடயம் இருந்தது. அதில் 4, செக்யூரிட்டி ட்ரேயில் எடுத்தவை. ட்ரேயில் மொத்தம் எடுத்ததே 8தான். டாய்லெட்டில் எடுத்த ஒன்றில்கூட இல்லை. (தடயம் இருந்தாலே நோய் வரும்னு அர்த்தம் இல்லை, பயப்பட வேண்டாம்.)

3/ காரணம் ரொம்ப எளிது. டாய்லெட் போகாமல்கூட விமானம் ஏறிடலாம். ட்ரேயைத் தொடாமல் உள்ளே போறவங்க ரொம்பக் குறைவு. இந்த "எல்லாரும் தொட்டே ஆகணும்" விஷயத்தை வைரஸுக்கு அடுத்தபடியா கண்டுபிடிச்சது யார் தெரியுமா? விளம்பரக் கம்பெனிகள்! அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

4/ முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் பஸ் ஏறுவதுபோல விமானம் ஏறலாம். பையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். விளைவு? 1968 முதல் 1972 வரை நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல்கள், கடத்தல் முயற்சிகள். கடைசியில் 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளுக்கும் சோதனை கட்டாயமானது.

5/ 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அந்த நவம்பரிலேயே டி.எஸ்.ஏ. என்ற தனி அரசு அமைப்பு உருவானது. டிசம்பரில் ஒருவர் ஷூவில் வெடிமருந்தோடு விமானம் ஏறிப் பிடிபட்டார். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி அம்பலமானது. அந்த மாதமே அமெரிக்காவில் ஷூவைக் கழற்றுவது கட்டாயம், தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. (ஷூ விதி 2025 ஜூலையில்தான் போச்சு.)

6/ இப்போ கணக்குப் போடுங்க. ஷூ, பெல்ட், கோட்டு, லேப்டாப், செல்போன்... ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு ட்ரே. அத்தனை ட்ரேயும் எக்ஸ்ரே மெஷினின் அந்தப் பக்கம் குவியும். அதை யாராவது தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவரணும். நாள் முழுக்க. இடுப்பு என்ன ஆகும்னு ஆர்த்தோ டாக்டரைக் கேளுங்க.

7/ இங்கேதான் செக்யூரிட்டிபாயிண்ட் என்ற ஃப்ளோரிடா கம்பெனி வருது. ட்ரேக்களைச் சக்கர வண்டியில் அடுக்கி, வண்டியோடு தள்ளிக்கொண்டு வரும் முறைக்கு 2005ல் காப்புரிமை வாங்கியது. "ட்ரே, மேசை, வண்டி எல்லாம் நாங்களே இலவசமா தர்றோம். ட்ரேயின் அடியில் விளம்பரம் ஒட்டிக்கிறோம்." இதுதான் பேரம். அரசுக்கு ட்ரே வாங்கும் செலவு மிச்சம், விமான நிலையத்துக்கு விளம்பர வருமானத்தில் பங்கு.

8/ லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சோதனை ஓட்டம் நடந்தது. 2007 தொடக்கத்தில் செய்தி பெரிதாக வெளியே வந்தது. அங்கே முதல் விளம்பரம், விசிட்டிங் கார்டு அடுக்கி வைக்கும் ரோலோடெக்ஸ். பிறகு ஆன்லைனில் ஷூ விற்கும் ஸாப்போஸ் வந்தது. பொருத்தத்தைப் பாருங்க. நீங்க ஷூவைக் கழற்றி வைக்கிற அந்த நொடியில் ஷூ விளம்பரம்!

9/ மக்கள் என்ன சொன்னாங்க? "செலவு மிச்சம்னா இருந்துட்டுப் போகட்டும்"னு சிலர். "பெல்ட்டைக் கழற்றிட்டு பேண்ட்டைப் பிடிச்சுட்டு நிற்கும்போதுமா விற்பீங்க?"னு சிலர். ஆனா பெரிய போராட்டம் எதுவும் நடக்கலை. ஆச்சரியமா இருக்கா? எனக்கும் இருந்துச்சு. ஏன்னா இதே அமெரிக்கர்கள் இதுக்கு முன்னாடி சண்டை போட்டிருக்காங்க.

10/ 1949 அக்டோபர். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம். ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் பாட்டும் விளம்பரமும் போட ஆரம்பித்தார்கள். பயணிகள் கொதித்தார்கள். டிசம்பரில் பொது விசாரணையே நடந்தது. 'தி நியூயார்க்கர்' பத்திரிகையின் நிறுவன ஆசிரியர் ஹெரால்டு ராஸ் நேரில் வந்து எதிராகச் சாட்சி சொன்னார். 1950 ஜனவரியில் ஒலிபெருக்கி விளம்பரம் நின்றது.

11/ அதே காலத்தில் வாஷிங்டன் நகரில் டிராம், பஸ்களுக்குள் ரேடியோ. அதிலும் விளம்பரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1952ல் 7-1 என்று கம்பெனி பக்கம் தீர்ப்பு. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி டக்ளஸ். அவர் வாதத்தின் சாரம்: வேலைக்குப் போக வேறு வழி இல்லாதவர் பஸ்ஸில் ஏறியே ஆகணும். அவரைக் கேட்க வைப்பது கட்டாயப்படுத்துவதுதான்.

12/ அந்த வழக்கில் ஒரு சுவாரசியம். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் தீர்ப்பில் கலந்துகொள்ளவே இல்லை. ஏன்? அந்த ரேடியோவால் தானே பாதிக்கப்பட்டவர், அதனால் நடுநிலையாக இருக்க முடியாது என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். உச்ச நீதிமன்ற நீதிபதியையே அவ்வளவு கடுப்பேத்தியிருக்கு!

13/ அப்போ ட்ரேக்கு மட்டும் ஏன் கோபம் வரலை? எனக்குத் தோன்றுவது இது. கண்ணை மூடிக்கலாம், காதை மூட முடியாது. ட்ரே விளம்பரம் சத்தம் போடாது, நாம வைக்கிற ஷூவே அதை மறைச்சிடும். இன்னொன்று, அந்த வரிசையில் நமக்கு இருக்கிற பதற்றத்தில் விளம்பரம் ரொம்பச் சின்னப் பிரச்சினை. ஆனா இதுல நாம கவனிக்காத ஒரு ஆபத்து இருக்கு. அது எனக்கு என் ஓ.பி.யில்தான் புரிஞ்சது.

14/ சில வருஷங்களுக்கு முன்னாடி. நான் வேலை பார்த்த ஒரு அரசு மருத்துவமனை. என் மேசைக்குப் பின்னாடி ஒரு டானிக் கம்பெனி காலண்டர். யார் மாட்டினதுன்னுகூடத் தெரியாது, நான் கண்டுக்கவும் இல்லை. ரத்தசோகை உள்ள பையனோடு ஒரு அம்மா வந்தாங்க. இரும்புச்சத்து சிரப் எழுதினேன், நம்ம பார்மசியிலேயே இலவசம். "அது வேணாம் சார், இதையே வாங்கிட்டேன்"னு பையிலிருந்து அந்த டானிக்கை எடுத்தாங்க. போன தடவை வந்தப்போ காலண்டர்ல பார்த்தாங்களாம்.

15/ "ஏம்மா காசு குடுத்து வாங்கினீங்க?"ன்னு கேட்டேன். "நீங்கதான சார் மாட்டி வச்சிருக்கீங்க"ன்னாங்க. எனக்குப் பேச்சு வரலை. அந்த டானிக்கில் பையனுக்குத் தேவையான அளவு இரும்புச்சத்து கிடையாது. கூலி வேலை பார்க்கிறவங்க. காசும் போச்சு, ஒரு மாசமும் போச்சு. காலண்டரை அன்னைக்கே கழற்றினேன். ஆனா அதுவரைக்கும் அது என் தலைக்கு மேலேதான் தொங்குச்சு, என் வெள்ளைக் கோட்டைக் காட்டித்தான் வித்துச்சு.

16/ இதுதான் விஷயம். ரோட்டோர பேனர் விற்கும்போது அது விளம்பரம்னு நமக்குத் தெரியும். சீருடை போட்டவர் நிற்கிற இடத்தில், நாம நகர முடியாத வரிசையில் அதே விளம்பரம் இருந்தா, அந்த இடத்தோட அதிகாரமும் சேர்ந்து பேசும். ரோலோடெக்ஸால் யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அடுத்து ஒட்டப்போறது மருந்தா இருக்கலாம், கடனா இருக்கலாம்.

17/ "இலவசமா கிடைக்குதே"ன்னு சொல்றவங்களுக்கு ட்ரே கதையின் கிளைமாக்ஸ். அந்த வண்டி முறையைத் தன் அனுமதி இல்லாமலே அரசு பல விமான நிலையங்களில் பயன்படுத்துவதாகக் கம்பெனி 2011ல் வழக்குப் போட்டது. காப்புரிமை செல்லும் என்று 2016ல் நீதிமன்றம் சொன்னது. 2021ல் அரசு கொடுக்க வேண்டும் என்று நிர்ணயித்த தொகை 10 கோடி டாலருக்கும் மேல். இலவச ட்ரேயில் ஆரம்பித்த கதை, இப்படி ஒரு பில்லில் வந்து நின்றது.

18/ அதனால ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, ஆஸ்பத்திரி, ஸ்கூல், அரசு ஆபீஸ் சுவத்துல விளம்பரம் பார்த்தா, "இதை யார் மாட்டினாங்க, யாருக்குக் காசு?"ன்னு கேளுங்க. டாக்டர் சொன்னது எது, சுவரு சொன்னது எதுன்னு பிரிச்சுப் பாருங்க. சந்தேகம்னா எங்ககிட்டயே கேளுங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

19/ ரெண்டு, அடுத்த தடவை செக்யூரிட்டி முடிச்சு வெளியே வந்ததும், சாப்பிடுறதுக்கு முன்னாடி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. ட்ரேயில் விளம்பரம் இருக்கோ இல்லையோ, மத்தது இருக்கும். 🙂